மேலே ஒரு விரல் இடம்

இருபத்தேழு வருஷமாக அவர் கட்டிய பார்சல் எதுவும் வழியில் அவிழ்ந்ததில்லை. இதை அவராக வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால், மணி என்ன என்று கேட்க வந்தவரிடம் சொல்லிவிடுவார். சரக்குக் கிடங்கில் எல்லோருக்கும் அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய், முடிச்சுக்காரர் என்பதே நிலைத்துவிட்டது.

கண்ணாடி விளக்கு, தையல் மெஷின், ஆளுயரக் கடிகாரம், ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலி என்று அவர் கட்டாத சாமான் கிடையாது. கட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே சத்தம் வராவிட்டால் கறுப்புப் பேனாவால் தன் பணி எண்ணை எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார். எண் நாற்பத்திரண்டு. அந்த எண்ணைப் பார்த்தால் லாரிக்காரர்கள் பெட்டியை இன்னும் கொஞ்சம் அலட்சியமாகவே தூக்கிப் போடுவார்கள், அவ்வளவு நம்பிக்கை.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் சொந்த மனைவியின் கையைக் கட்டுகிற வேலை வந்து சேர்ந்தது.

மனைவி பஸ் டிரைவர். பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவள். போன வருஷம் மார்பில் ஒரு கட்டி வந்து, அதை எடுத்தபோது வலது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது, உதிர்ந்த முடி முளைத்தது, கண்டம் தப்பியது என்று குடும்பமே மூச்சு விட்டது. ஆபரேஷன் ஆன எட்டாம் மாதம், திரும்ப வேலைக்குப் போகக் கிளம்பிய காலையில், யூனிஃபார்ம் சட்டையின் வலது கை முழங்கையைத் தாண்டவில்லை.

"துணி சுருங்கிடுச்சு. அந்தக் காலத் துணி மாதிரி வருமா?" என்றார் முடிச்சுக்காரர்.

"இடது கை மட்டும் சுருங்கலையா?" என்று கேட்டாள் மனைவி.

கையை அழுத்தினால் குழி விழுந்தது, விழுந்த குழி உடனே எழவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நன்றாகப் பிசைந்து விடு என்றார் எதிர் வீட்டுக்காரர். இரண்டும் தப்பு என்றாள் ஆஸ்பத்திரியில் இருந்த பிசியோதெரபிப் பெண். இருபத்தாறு வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் ஒரு தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தம் போக உடம்புல இன்னொரு தண்ணியும் ஓடுதும்மா. நிணநீர்னு சொல்வோம். அது கையில இருந்து திரும்பிப் போறது அக்குள்ல இருக்கிற கணுக்கள் வழியா. அதை எடுத்தாச்சு. வர்றது வந்துக்கிட்டே இருக்கு, போற வழி குறைஞ்சுபோச்சு."

"பாலத்தை மூடிட்டாங்க. பஸ் எல்லாம் இந்தப் பக்கமே நிக்குது" என்றாள் மனைவி.

"அதேதான். சுத்து வழியா சின்னச் சின்னச் சந்து இருக்கு. அதுல மெதுவா அனுப்பிவிடணும். இது முழுசா சரியாகிற வியாதி இல்லம்மா. ஆனா தினமும் கவனிச்சா சொன்னபடி கேக்கும்."

டிப்போ டாக்டர் அவ்வளவு நயமாகப் பேசவில்லை. ஆறு வாரம் கெடு வைத்தார். இரண்டு கைகளுக்கும் உள்ள சுற்றளவு வித்தியாசம் நாலரை சென்டிமீட்டர். அது இரண்டுக்குக் கீழே வரவேண்டும், ஸ்டியரிங்கை முழுச்சுற்றாகப் பத்துத் தடவை திருப்பிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸை மறந்துவிட்டு, ஓய்வு பெறும்வரை தொலைந்த பொருள் அறையில் உட்காரவேண்டியதுதான். அந்த அறையில் முந்நூறு குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் ஒரு செட் பல்லும் இருந்தன. ஏற்கெனவே தற்காலிகமாக அங்கேதான் போட்டிருந்தார்கள். "ஊர்ல எல்லாரும் மறந்துட்டுப் போனதை நான் உக்காந்து ஞாபகம் வச்சுக்கணுமாம்" என்று அவள் தினமும் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் சாயங்காலம் பதினேழாம் நம்பர் பஸ் தெருவில் போகிற சத்தம் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

கையில் பல அடுக்காகக் கட்டுப் போடவேண்டும், தினமும் அவிழ்த்துத் தினமும் போடவேண்டும், அதற்கு வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளவேண்டும் என்றாள் பிசியோ பெண். முடிச்சுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

வெள்ளிக்கிழமை பயிற்சி. முதலில் மெல்லிய பருத்தி உறை, பிறகு விரல் விரலாகச் சின்னத் துணி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மூன்று சுருள் பேண்டேஜ். "உள்ளங்கைகிட்ட நல்லா பிடிப்பா ஆரம்பிச்சு, மேல போகப் போகத் தளர்த்திக்கிட்டே போகணும். மேல முடியிற இடத்துல ஒரு விரல் நுழையணும்" என்று அவள் சொன்ன அந்த முக்கியமான நேரத்தில், முடிச்சுக்காரர் சுருளை இழுத்து அதன் நெசவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தருகிறாளே இந்தப் பெண் என்று அவருக்கு உள்ளூரச் சிரிப்பு.

"புரிஞ்சுதா சார்?"

"இருபத்தேழு வருஷம்மா" என்றார். புரிந்துவிட்டது என்று அவள் அர்த்தம் செய்துகொண்டாள்.

சனிக்கிழமை காலையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டு, மனைவியை உட்காரவைத்தார். உறை, துணி, பஞ்சு எல்லாம் சொன்னபடியே போட்டார். பேண்டேஜ் சுற்றத் தொடங்கியதும் கிடங்கு அவர் கைக்குள் புகுந்துகொண்டது. மூட்டையின் உயிர் அதன் வாயில் இருக்கிறது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அடியில் கொஞ்சம் தளர்ந்தாலும் பாதகமில்லை, வாய் இறுகியிருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே புஜத்துக்கு வந்ததும் நாற்காலி விளிம்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். முனையை ஒட்ட அந்தப் பெண் கொடுத்திருந்த டேப்பை ஏளனமாகப் பார்த்து ஒதுக்கிவைத்துவிட்டு, தன் சொந்த இரட்டை முடிச்சைப் போட்டார். பிறகு கையைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி, காதை வைத்துக் கேட்டார்.

"என்ன கேக்குது?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் கேக்கல. அப்படின்னா கட்டு சரியா இருக்கு."

நாற்பத்திரண்டு என்று எழுதி அம்புக்குறியும் போட்டார்.

"அம்பு எதுக்குங்க?"

"எது மேல் பக்கம்னு தெரியணும்ல."

"என் கையில எது மேல்னு எனக்குத் தெரியாதா?"

"இந்தா, பேச்சு வேண்டாம். கையை அசைக்காம வச்சுக்க. உள்ள இருக்கிறது அசைஞ்சாதான் சேதம்."

"எப்ப அவிழ்ப்பீங்க?"

"போய்ச் சேர்ற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது."

"நான் இப்போதைக்குப் போய்ச் சேர்றதா இல்லை" என்றாள் மனைவி.

சாயங்காலம் அவள் விரல்கள் தடித்துப் பளபளத்தன. ஞாயிற்றுக்கிழமை மரத்தும் போயின. புதுக் கட்டு அப்படித்தான் இருக்கும் என்றார் முடிச்சுக்காரர். அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவிழ்க்கச் சொல்லவில்லை. காரணம், அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்டதில்லை. இரண்டு நாள் விரல் வீங்கினால் வீங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெரிய தப்புதான். அன்பு கண்ணை மறைக்கும் என்பார்கள், விரலையும் மறைக்கும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பிசியோ பெண் கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகான கட்டு சார்."

முடிச்சுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"ரயில்ல அனுப்பலாம்" என்றாள் அவள்.

முடிச்சை அவிழ்க்க முயன்று முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினாள். அவர் போட்ட முடிச்சை வெட்டியது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. விரலை மடக்கச் சொன்னாள், பாதிதான் மடங்கியது. அளவு நாடா வைத்தாள். நாலரை ஐந்தேகாலாகியிருந்தது. இரண்டு நாள் ஒரே கட்டோடு விட்டதற்கும், மரத்துப்போனதும் கழற்றாததற்கும் இரண்டு பேருக்குமே நன்றாகத் திட்டு விழுந்தது.

"மேல இறுக்கிட்டீங்க சார். இருந்த சந்தையும் அடைச்சாச்சு. தண்ணி எங்க போகும்? விரலுக்குத்தான் போகும்."

"மேல இறுக்கலைன்னா நழுவிடுமேம்மா."

"நழுவினா மறுபடி கட்டிக்கலாம்."

கப்பல் மூழ்கினால் வேறு கப்பல் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னது போல அவர் அவளைப் பார்த்தார். அவள் அத்தோடு நிற்கவில்லை. "அப்புறம், கட்டுக்குள்ள கை அசையணும். அசைஞ்சாத்தான் தசை அழுத்தித் தண்ணியை மேல தள்ளும். அசையக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றாள். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கன்னு சொன்னீங்கல்லம்மா? அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குச் சொல்லித்தரேன்" என்றாள்.

மனைவியின் தங்கைக்குத் தன் ஷூ லேஸையே ஒழுங்காகக் கட்டத் தெரியாது. வீடு வந்து சேரும்வரை முடிச்சுக்காரர் இதை ஏழு தடவை சொன்னார்.

"இன்னும் அஞ்சு வாரம் சொச்சம்தான் இருக்கு. எனக்கு பஸ் வேணும்" என்றாள் மனைவி.

"என் கட்டுல குத்தமே இருக்காது."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? "காலையில உங்க கையை நீட்டுங்க" என்றாள்.

மறுநாள் காலை அவருடைய வலது கைக்கு, அவர் போட்டதைப் போலவே, மேலே இறுக்கிக் கட்டினாள். நல்ல கையாலும் பல்லாலும் முடிச்சைப் போட்டாள். நாற்பத்திரண்டு என்று எழுதவும் மறக்கவில்லை. "அம்பு போட்டாச்சு. போய்ட்டு வாங்க" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் கவனிக்காமலில்லை.

பதினோரு மணிக்கு அவர் விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மூட்டை வந்தது. சட்டைக் கம்பெனிக்குப் போகிற பட்டன், இருபது கிலோ. வழக்கம்போல முடிச்சுப் போட்டார். போட்டதாக நினைத்தார். கை மரத்திருந்ததால் இறுகியதா இல்லையா என்று தெரியவில்லை. தள்ளுவண்டி சரிவில் இறங்கும்போது மூட்டையின் வாய் திறந்துகொண்டது.

இருபது கிலோ பட்டன் எவ்வளவு என்பது கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருண்டது. லிஃப்ட் பள்ளத்தில் விழுந்தது. சூப்பர்வைசரின் டீயில் இரண்டு விழுந்தன. அதில் ஒன்றை அவர் குடித்துவிட்டதாகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். நாற்பது பேர் குனிந்து பொறுக்கினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிலர் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். லேபிள் ஒட்டுகிறவர், கோந்து என்று பெயர் வாங்கியவர், நிதானமாகப் பக்கத்தில் வந்து நின்று, "முடிச்சுக்காரரே, மணி என்ன?" என்று கேட்டார்.

"பதினொண்ணரை" என்றார் முடிச்சுக்காரர். இருபத்தேழு வருஷக் கதையை எடுக்கவில்லை.

கோந்தின் கத்தியை வாங்கித் தன் கைக்கட்டை அறுத்தார். ரத்தம் விரலுக்குத் திரும்பும்போது கட்டெறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தார். மூன்று மணி நேரம் அவருக்கு. இரண்டு நாள் அவளுக்கு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். டீயில் விழுந்த பட்டன் வரை சொன்னார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஏங்க அவ்வளவு இறுக்கினீங்க?" என்று கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உனக்கு ஆபரேஷன் நடந்தப்ப வெளியில நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். கை சும்மா இருந்துச்சு. கட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. கட்டற வேலைன்னு ஒண்ணு வந்ததும், இனிமே எதுவும் கழண்டு போயிடக் கூடாதுன்னு இழுத்துட்டேன்."

மனைவி அவர் விரல்களைப் பிடித்து நீவிவிட்டாள். பிறகு, "என் தங்கச்சிக்கு நான் இன்னும் போன் பண்ணல. நீங்க போய் ஒழுங்கா கத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். முதலிலிருந்து சொல்லித்தரும்படி கேட்டார். இந்தத் தடவை நோட்டில் எழுதிக்கொண்டார். கை அவ்வளவு சீக்கிரம் திருந்தவில்லை. நிணநீரை மேலே அனுப்ப மெல்லத் தேய்த்துவிடும் பாடத்தில், "தோல் மட்டும் நகரணும் சார், சதை நகரக் கூடாது. நீங்க மாவு பிசையறீங்க" என்றாள் அந்தப் பெண். கிடங்கில் கண்ணாடிச் சாமானுக்குச் சுற்றுகிற மெல்லிய தாளை மேஜைமேல் விரித்து, அது கசங்காமல் விரலால் நகர்த்திப் பழகினார். கோந்து ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு மணிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

தான் கட்டியதைத் தானே அவிழ்ப்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ஆனாலும் தினமும் அவிழ்த்தார். கையைக் கழுவி, விரல் இடுக்கு விடாமல் துடைத்து, களிம்பு தடவி, கீறல் உண்டா, கொசுக்கடி உண்டா, எங்காவது சிவந்து சுடுகிறதா என்று பார்த்தார். சிவந்து காய்ச்சலும் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரவேண்டும் என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். வாசலில் இருந்த முள்செடித் தொட்டியை மறு தெருவில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். காய் நறுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நறுக்கின காய் எல்லாம் ஒரே அளவில், அட்டைப்பெட்டியில் அடுக்கலாம்போல இருந்தது.

மேலே தளர்த்தி, ஒரு விரல் இடம் விட்டு, டேப் ஒட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். தெருமுனை வரை போய்விட்டு, கட்டு நழுவியிருக்குமோ என்று திரும்பி வருவார். முதல் நாள் மூன்று தடவை வந்தார். "பஸ்ஸைப் பிடிங்க. என் கை எங்கயும் ஓடிப்போகாது" என்றாள் மனைவி.

கை அசையவேண்டும் அல்லவா? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெரிய பாத்திரத்தின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து, பதினேழாம் நம்பரை ஓட்டினாள். மார்க்கெட் வளைவு, பள்ளிக்கூடம், ரயில்வே கேட், திரும்ப டிப்போ. ஒரு நாளைக்கு மூன்று டிரிப். சாயங்கால டிரிப்பில் முடிச்சுக்காரர் பின்னால் நின்று பிரயாணம் செய்தார்.

"படியில நிக்காதீங்க" என்றாள் டிரைவர்.

"இது வாசப்படிம்மா."

"எந்தப் படியா இருந்தாலும் உள்ள போங்க."

ஒவ்வொரு திங்களும் அளவை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதினார். ஐந்தேகால். நாலு. மூன்றரை. மறுபடி மூன்றரை. அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இரண்டரை. கட்டுக்குப் பதிலாகப் போட, அளவெடுத்துப் பின்னுகிற அழுத்த உறை தயாராக இன்னும் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கெடு நாளன்றும் அவர் கட்டிய கட்டோடுதான் போகவேண்டும்.

அன்று காலை கட்டத் தொடங்கினார். புஜத்துக்கு வந்ததும் நின்றார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் இறுக்கினால் என்ன, டிப்போவில் அத்தனை பேர் முன்னால் நழுவினால் மானம் போய்விடுமே என்று மனசு குறுகுறுத்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரல் இடம் விட்டு, டேப்பை ஒட்டினார்.

டிப்போவில் டாக்டர் கட்டைக் கழற்றி அளந்தார். ஒன்றே முக்கால். இரண்டு தடவை அளந்தார், இரண்டு தடவையும் ஒன்றே முக்கால்தான். முடிச்சுக்காரர் அங்கேயே மறுபடி கட்டிவிட்டார். பிறகு டிப்போ மைதானத்தில் தகர டிரம்களை வரிசையாக நிறுத்தி, இடையில் வளைந்து வளைந்து ஓட்டச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தப் படியில் ஏறினாள். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

முதல் டிரம், இரண்டாவது, மூன்றாவது. பஸ் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. ஏழாவது திருப்பத்தில் டிரைவர் ஜன்னலிலிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. எட்டாவதில் அது ஒரு முழம் ஆயிற்று. பத்தாவது திருப்பத்தில் மூன்று முழம் காற்றில் பறந்தது.

"கட்டு அவிழுதே" என்றார் டாக்டர். "யார் கட்டினது இது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் கட்டினாள் என்று சொல்லியிருக்கலாம். மச்சினி என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவள் விஷயத்தில் யாரும் நம்பியிருப்பார்கள்.

"நான்தான் சார்" என்றார் முடிச்சுக்காரர். "மேல மட்டும்தான் அவிழ்ந்திருக்கு. அங்க அப்படித்தான் இருக்கணும். கீழ பாருங்க, அசையல."

பஸ் வந்து நின்றது. ஸ்டியரிங்மேல் இருந்த விரல்கள் ஐந்தும் நன்றாக மடங்கி, நிறம் மாறாமல், வட்டத்தைப் பிடித்திருந்தன. அவர் அதைத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்னங்க, வால் முளைச்சிடுச்சு. வந்து கட்டுங்க. நாளைக்கு முதல் டிரிப் அஞ்சரைக்கு."

"உறை வரட்டும்மா. அடுத்த வாரத்துல இருந்து பாதி நாள் ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

முடிச்சுக்காரர் படியேறிப் போய், பறந்த துணியைச் சுருட்டி, மறுபடி சுற்றினார். டாக்டர் கீழே நின்றபடி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"பழகின கையா இருக்கே. எத்தனை வருஷமா கட்டறீங்க?"

"அஞ்சு வாரமா சார்" என்றார் அவர்.

மேலே விரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.